கொழுப்பிழையம்: ஏளனத்துக்குள்ளான ஓர் உறுப்பின் வரலாறு

"உனக்குக் கொழுப்பு" என்று ஒருவரைப் பார்த்துச் சொல்வது தமிழில் வசைமொழி. செல்வம் மிகுந்து செருக்குற்றவனைக் கொழுத்தவன் என்கிறோம். அடக்கமின்றிப் பேசுபவனுக்கு வாய்க்கொழுப்பு என்கிறோம். உடலில் உள்ள வேறெந்த இழையத்துக்கும் எமது மொழியில் இத்தகைய அவப்பெயர் வாய்க்கவில்லை. குருதி உறவுக்கு அடையாளமாயிற்று. எலும்பு உழைப்புக்கும் உறுதிக்கும் அடையாளமாயிற்று. கொழுப்பு மட்டும் திமிருக்கு மறுபெயராகி நின்றுவிட்டது.

பத்திரிகைத் தொழிலில் நான் கழித்த நான்கு தசாப்தங்களில், வாரமலரின் மருத்துவப் பக்கத்தைக் கவனிக்கும் பொறுப்பு சில ஆண்டுகள் என்னிடம் இருந்தது. வாசகர்கள் அனுப்பும் அஞ்சலட்டைகளில் கொழுப்பைப் பற்றிய கேள்விகளுக்குக் குறைவிருக்காது. அவை யாவும் ஏறத்தாழ ஒரே கேள்விதான்: கொழுப்பைக் கரைப்பது எப்படி? கொழுப்பு எதற்காக உடலில் இருக்கிறது என்று ஒருவரேனும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. கேட்காத கேள்விகளுக்கு விடை எழுதும் வழக்கம் பத்திரிகைகளில் இல்லை. இணையத்தில் அந்தக் கட்டுப்பாடு இல்லாதபடியால் இப்போது எழுதுகிறேன்.

எமது முன்னோர் இவ்விடயத்தில் மருத்துவத்தையும் வசைமொழியையும் பிரித்தே வைத்திருந்தனர் எனலாம். சித்த மருத்துவம் உடலைத் தாங்கும் தாதுக்கள் ஏழெனக் கணக்கிட்டது. சாரம், செந்நீர், ஊன், கொழுப்பு, என்பு, மூளை, சுக்கிலம் அல்லது சுரோணிதம் என்பன அவை. ஒன்று மற்றொன்றை ஊட்டி வளர்க்கும் இவ்வரிசையில் கொழுப்பு சரிநடுவே, ஊனுக்கும் என்புக்கும் இடையில் வைக்கப்பட்டுள்ளது. இங்கு அது கழிவுப் பொருளன்று. உடலின் ஏழு தூண்களில் ஒன்று. பழந்தமிழ்ப் போர்ப்பாடல்களில் வரும் நிணம் என்ற சொல்லும் கொழுப்பையே குறித்தது. பிற்காலத்தில் அறிவியற் சொல்லாக்கம் செய்தோர் அச்சொல்லை எடுத்து நிணநீர் என்று, உடலில் ஓடும் வேறொரு திரவத்துக்குச் சூட்டிவிட்டனர். நிணம் என்ற பழஞ்சொல் இன்று தனித்து நின்று பொருள் தருவது அரிதாகிவிட்டது என்பது எனது சிறிய வருத்தம்.

இனி மேலைநாட்டு வரலாற்றுக்கு வருவோம். எமது நாட்டுப் பாடநூல்கள் தொடுப்பிழையம் என்றும் தமிழகப் பாடநூல்கள் இணைப்புத் திசு என்றும் சொல்லும் இழையக் குடும்பத்தில் ஓர் உறுப்பினரே கொழுப்பிழையம். அக்குடும்பத்தில் என்பு உண்டு, கசியிழையம் உண்டு, தசைநாண் உண்டு, தோலுக்கு அடியில் வலைபோலப் பரந்திருக்கும் சிற்றிடவிழையம் உண்டு. குருதியையும் அதே குடும்பத்தில் சேர்ப்பதே மரபு. பார்வைக்கு ஒன்றுக்கொன்று எவ்வித ஒற்றுமையும் இல்லாத இவற்றை ஒன்றுசேர்ப்பது பிறப்பு. இவை பெரும்பாலும் கருவின் நடுப்படையிலிருந்து தோன்றுபவை. கலங்கள் நெருக்கியடித்து நிற்காமல், தமக்கிடையே நார்களும் கூழ்மமும் நிறைந்த இடைவெளியை வைத்துக்கொள்வது இக்குடும்பத்தின் பொது இயல்பு. கொழுப்பிழையம் இதற்கும் விலக்குப் போன்றது. அதில் கலங்களே இடத்தை அடைத்து நிற்கின்றன. நார்கள் கலங்களைச் சூழ்ந்த மெல்லிய பின்னலாக ஒதுங்கிவிடுகின்றன. ஆகவேதான் அது உண்மையில் இக்குடும்பத்துப் பிள்ளைதானா என்ற ஐயம் விஞ்ஞானிகளுக்கு எழுந்தது. அந்த ஐயம் தீர நூறு ஆண்டுகள் சென்றன.

இழையம் என்ற கருத்தையே மருத்துவத்துக்கு வழங்கியவர் பிரான்சைச் சேர்ந்த சேவியர் பிஷா. 1771இல் பிறந்து 1802இல், 30 வயதில் மறைந்தவர். ஒரே மாரிகாலத்தில் அறுநூறுக்கு மேற்பட்ட உடல்களை அறுத்துப் பார்த்தார் என்று அவரைப்பற்றிக் கூறப்படுவதுண்டு. நுணுக்குக்காட்டியை அவர் நம்பவில்லை. உடலின் பகுதிகளை வேகவைத்தும், உலர்த்தியும், அமிலத்தில் ஊறப்போட்டும், அழுகவிட்டும் அவை எவ்வாறு மாறுகின்றன என்று பார்த்தே 21 வகை இழையங்களைப் பிரித்தறிந்தார். ஒரு கலத்தையேனும் காணாமல் இழையவியலை நிறுவியவர் என்பது வியப்புக்குரியது. பின்னர் 1830இல் ஜேர்மனியரான யொகான்னஸ் முல்லர், உறுப்புக்களை ஒன்றோடொன்று பிணைத்து நிற்பவற்றுக்குப் பிணைப்பிழையம் என்று பொருள்படும் ஜேர்மன் சொல்லை வழங்கினார். எமது தொடுப்பிழையம் அச்சொல்லின் வழிவந்ததே.

இவர்களுக்கு முன்னரே நுணுக்குக்காட்டியின் ஊடாகக் கொழுப்பைப் பார்த்தவர் இத்தாலியரான மார்செல்லோ மல்பீகி. 1665இல் குடலை மூடியிருக்கும் கொழுப்புப் படலத்தைப் பற்றி அவர் ஒரு நூல் எழுதினார். முள்ளெலி ஒன்றின் அப்படலத்திலுள்ள குருதிக்குழாயில் செந்நிற உருண்டைகள் ஓடுவதைக் கண்டு, அவை கொழுப்புத் துளிகள் என்று எழுதி வைத்தார். அவர் கண்டவை செங்குருதிக் கலங்கள். கொழுப்பைத் தேடிப் போய்க் குருதியைக் கண்டார். கண்டதை அறியாமலே போனார்.

கொழுப்பு எதனால் ஆனது என்ற கேள்விக்கு விடை சொன்னவர் மிஷேல் செவ்ரல் என்ற பிரெஞ்சு இரசாயனவியலாளர். பன்றிக் கொழுப்பிலிருந்து செய்த சவர்க்காரத்தை 1811இல் ஆராயத் தொடங்கி, 1823இல் விலங்குக் கொழுப்புகள் பற்றிய தமது பெருநூலை வெளியிட்டார். கொழுப்பு என்பது கிளிசரோலும் கொழுப்பமிலங்களும் இணைந்த சேர்வை என்பது அவரால் நிறுவப்பட்டது. அந்த அறிவிலிருந்து முதலில் பயனடைந்தது மருத்துவமன்று, மெழுகுதிரித் தொழில். புகையும் நாற்றமும் மிகுந்த கொழுப்புத் திரிகளுக்குப் பதிலாக, பிரித்தெடுத்த ஸ்டியரிக் அமிலத்திலான தூய வெண்மெழுகுதிரிகள் ஐரோப்பிய வீடுகளுக்கு வந்தன. செவ்ரல் 102 வயது வரை வாழ்ந்தார். 1889இல் பாரிஸின் ஈபெல் கோபுரத்தில் 72 அறிஞர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டபோது அவருடைய பெயரும் அவற்றுள் இடம்பெற்றது. கோபுரம் முடிந்து சில நாட்களிலேயே அவரும் மறைந்தார்.

இனி நான் மேலே குறிப்பிட்ட ஐயத்துக்கு வருகிறேன். 1870ஆம் ஆண்டில் ஒஸ்திரிய உடற்கூற்றியலாளர் கார்ல் டோல்ட் ஒரு கருத்தை முன்வைத்தார். கொழுப்பிழையம் எண்ணெய் நிரம்பிய சாதாரணத் தொடுப்பிழையம் அன்று. தனக்கெனக் குருதிக்குழாய் வலையும், தோன்றுவதற்கெனக் குறித்த இடங்களும், தனக்கே உரிய கலங்களும் உள்ள தனியானதோர் உறுப்பு என்றார். மறு ஆண்டே, 1871இல், வால்ட்டர் பிளெமிங் என்ற இளம் ஜேர்மனியர் அதனை மறுத்தெழுந்தார். தொடுப்பிழையத்தின் சாதாரணக் கலங்களே குருதிக்குழாய்களின் அருகே கொழுப்பை உள்வாங்கிப் பருத்துக் கொழுப்புக் கலங்களாகின்றன என்பது அவர் வாதம். கலப்பிரிவை ஆராய்ந்து இழையுருப்பிரிவுக்குப் பெயர் சூட்டிய அதே பிளெமிங்தான் இவர். அப்புகழ் அவருக்கு வருவதற்கு இன்னும் பத்தாண்டுகள் இருந்தன.

இவ்விருவரின் வழக்கு வெறும் பெயர் வழக்காகத் தோன்றலாம். அப்படியன்று. டோல்ட் சொல்வது சரியென்றால் கொழுப்பு ஈரலைப் போல, சதையியைப் போல ஓர் உறுப்பு. அதற்கெனத் தொழிலும் நோயும் உண்டு. வைத்தியன் அதனைக் கவனித்தாக வேண்டும். பிளெமிங் சொல்வது சரியென்றால் அது உடலின் காலி இடங்களில் குவிந்து கிடக்கும் பண்டம், கவனிக்க ஒன்றுமில்லை. வழக்கு பிளெமிங்கின் பக்கமே சாய்ந்தது. அதன் விளைவாக அடுத்த பல தசாப்தங்களுக்கு உடற்கூற்று மாணவர்கள் கொழுப்பை வெட்டியெறிந்துவிட்டே அதற்கு அடியிலிருந்த நரம்பையும் குழாயையும் தேடினர். படம் வரைவோரும் அதை வரையவில்லை. பொதிந்திருக்கும் வைக்கோலுக்குக் கிடைக்கும் மரியாதைதான் அதற்குக் கிடைத்தது.

இந்த இடத்தில் யாழ்ப்பாணத்தைப் பற்றிச் சொல்லாமல் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. டோல்ட்டும் பிளெமிங்கும் வாதிட்டுக்கொண்டிருந்த அதே வேளையில், மானிப்பாயில் அமெரிக்க மிசன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் தமது மாணவர்களைத் துணைக்கொண்டு மேலைநாட்டு உடற்கூற்றியலைத் தமிழாக்கிக்கொண்டிருந்தார். மசச்சூசெற்ஸ் மாநிலத்தின் வூஸ்டர் நகரைச் சேர்ந்த அவர் 1847இல் இங்கு வந்தவர். 1857இல் அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூலும், 1867இல் இரணவைத்தியமும், 1872இல் மனுஷ அங்காதிபாதமும் அவருடைய முயற்சியால் வெளிவந்தன. இறுதியாகச் சொன்னது, இலண்டனில் 1858இல் வெளிவந்த கிரேயின் புகழ்பெற்ற உடற்கூற்று நூலை முதன்மையாகக் கொண்டது. மூல நூல் வெளிவந்து 14 ஆண்டுகளில் அதன் பொருள் தமிழில் கிடைத்துவிட்டது. இன்று இத்தனை வசதிகள் இருந்தும் எத்தனை மருத்துவ நூல்கள் 14 ஆண்டுகளில் தமிழுக்கு வருகின்றன? அறுபதுக்கும் மேற்பட்ட மருத்துவர்களைப் பயிற்றிய கிறீன், தமது பிற்கால மாணவர்களுக்கு மருத்துவம் முழுவதையும் தமிழிலேயே கற்பித்தார். 1873இல் நாடு திரும்பி 1884இல் மறைந்தார். அவர்களுடைய சொற்களிற் பல இன்று வழக்கிலில்லை. அரசகரும மொழித் திணைக்களத்தார் பின்னர் தொகுத்த இழையம், கலம் முதலிய சொற்களே எமது பள்ளிகளில் நிலைத்தன. எனினும் உடலின் ஒவ்வோர் உட்பகுதிக்கும் தமிழில் ஒரு சொல் இருக்கவேண்டும் என்ற பிடிவாதம் மானிப்பாயில் தொடங்கியது என்பதை மறத்தலாகாது.

கொழுப்பைப் பற்றிய எண்ணம் மாறத் தொடங்கியது 1930களிலேதான். அதனை மாற்றியவர்கள் இருவர். இருவரும் யூதர்கள், இருவரும் ஹிட்லரின் ஆட்சியால் ஜேர்மனியை விட்டு வெளியேறியவர்கள். முதலாமவர் றுடொல்ஃப் ஷோன்ஹைமர். பெர்லினில் 1898இல் பிறந்து, பிரைபேர்க்கில் பணியாற்றி, 1933இல் நியூயோர்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தஞ்சம் புகுந்தவர். அங்கு ஹரோல்ட் யூரே அப்போதுதான் பாரமான ஐதரசனைக் கண்டுபிடித்து நோபல் பரிசு பெற்றிருந்தார். ஷோன்ஹைமரும் டேவிட் றிட்டன்பேர்க்கும் அந்த ஐதரசனை எண்ணெயில் ஏற்றி எலிகளுக்கு ஊட்டினர். உணவுக் கொழுப்பு அன்றாடம் எரிக்கப்பட்டுவிடும், மிஞ்சியதே சேமிப்புக்குப் போகும் என்பது அதுவரையிருந்த நம்பிக்கை. உண்பது செலவுக்கு, வைப்பது பெட்டிக்கு என்ற எமது வீட்டுக் கணக்குப் போன்றது அது.

1935இல் வெளிவந்த முடிவு அந்தக் கணக்கைக் கலைத்துவிட்டது. அளவாகவே உண்ட எலிகளிலும், குறியிடப்பட்ட கொழுப்பின் பெரும்பகுதி முதலில் கொழுப்பிழையத்துக்கே சென்றது. அங்கிருந்து இடையறாது வெளியேறிக்கொண்டும் இருந்தது. எலியின் எடை மாறவில்லை. ஆனால் அதன் கொழுப்பு சில நாட்களுக்குள்ளேயே பெருமளவில் மாறிவிட்டது. பெட்டியில் பூட்டிவைத்த பணம் என்று எண்ணியிருந்தது, நாள் முழுதும் கொள்வனவும் விற்பனையும் நடக்கும் சந்தையாக இருந்தது. இந்த முறையைப் புரதங்களுக்கும் விரித்து, உடலின் கூறுகள் யாவும் ஓயாத மாற்றத்தில் இருப்பவை என்று ஷோன்ஹைமர் நிறுவினார். அதைப் பற்றிய விரிவுரைகளை எழுதிவைத்துவிட்டு, அவற்றை நிகழ்த்துவதற்கு முன்னர், 1941இல் தமது 43ஆவது வயதில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அவ்விரிவுரைகள் 1942இல் நூலாகின. நிலையாக இருப்பதுபோற் தோன்றும் எதுவும் நிலையாக இல்லை என்று காட்டியவர், நாடும் பல்கலைக்கழகமும் மொழியும் ஒரே ஆண்டில் தம் கையைவிட்டுப் போகக் கண்டவர் என்பதை எண்ணாமல் அந்த நூலின் தலைப்பை என்னால் படிக்க முடிவதில்லை. எமது நாட்டில் அத்தகைய இழப்பை அறிந்தவர்கள் பலர்.

மற்றவர் ஏர்ன்ஸ்ட் வேர்த்தைமர். ஹாலே நகரில் பணியாற்றியவர். 1934இல் ஜெருசலேம் சென்றார். கொழுப்பிழையத்துக்கு நரம்புகளின் ஆணை உண்டு, ஓமோன்களின் ஆணை உண்டு, அது உயிர்ப்புடன் தொழிற்படும் இழையம் என்று காட்டி, பெஞ்சமின் ஷப்பீரோவுடன் சேர்ந்து 1948இல் அவர் எழுதிய மீளாய்வுக் கட்டுரையே இத்துறையின் மறுபிறப்பு என்பர். ஏறத்தாழ எண்பது ஆண்டுகளுக்குப் பின்னர் டோல்ட்டின் குரல் மீண்டும் கேட்கத் தொடங்கியது.

அப்படியானால் பிளெமிங் தோற்றாரா? அதுவும் இல்லை. 1964இல் அமெரிக்காவின் மார்ட்டின் றொட்பெல், பக்டீரியா ஒன்றிலிருந்து பெறப்படும் நொதியத்தைக் கொண்டு கொழுப்பிழையத்தின் நார்ப்பின்னலைக் கரைத்தார். கட்டவிழ்ந்த கொழுப்புக் கலங்கள் குழாயின் மேலே மிதந்தன. மற்றவை அடியில் தங்கின. எண்ணெய் நீரில் மிதக்கும் என்ற சமையலறை அறிவுதான். அதன் மூலம் கொழுப்புக் கலத்தைத் தனியே எடுத்து ஆராய வழி பிறந்தது. அடியில் தங்கியவற்றைப் பற்றி அப்போது எவரும் அதிகம் கவலைப்படவில்லை.

1974இல் மசச்சூசெற்ஸில் ஹவார்ட் கிறீன், மார்க் மியூத் என்ற இருவர், எலிக் கருவிலிருந்து பெற்று வளர்த்த கலங்களில் ஒரு புதுமையைக் கண்டனர். நார்களைச் சுரக்கும் நாரரும்பர்க் கலங்களைப் போலவே தோன்றிய அவை, பெருகுவதை நிறுத்தியதும் எண்ணெயைத் திரட்டிக் கொழுப்புக் கலங்களாக உருமாறின. பிளெமிங் 1871இல் சொன்னது கண்ணாடித் தட்டில் கண்ணெதிரே நடந்தது. ஆயினும் எல்லாக் கலமும் அவ்வாறு மாறுவதில்லை. அதற்கென ஏற்கெனவே வழிப்பட்ட முன்னோடிக் கலங்களே மாறுகின்றன. அந்த வகையில் டோல்ட்டும் பாதி சரி. மசச்சூசெற்ஸ் மாநிலத்திலிருந்து கிறீன் என்ற பெயருடன் இருவர் இக்கட்டுரைக்குள் வந்துவிட்டனர். இருவருக்கும் உறவு ஏதுமில்லை என்பதை வாசகர்கள் குழம்பாதிருக்கச் சொல்லிவைக்கிறேன். பின்னர் 2001இல், அழகுச் சத்திரசிகிச்சையில் உறிஞ்சியெடுத்து வீசப்படும் கொழுப்பிலிருந்து பிரித்த கலங்கள் கொழுப்பாக மட்டுமன்றி என்பாகவும் கசியிழையமாகவும் மாறவல்லவை என்று கலிபோர்னிய ஆய்வாளர்கள் காட்டினர். றொட்பெல்லின் குழாயடியில் தங்கியவற்றுள் அத்தகைய கலங்களும் இருந்திருக்க வேண்டும். தொடுப்பிழையக் குடும்பத்தின் இரத்த உறவு இவ்வாறு உறுதியாயிற்று.

உறுப்பு என்றால் அது ஏதேனும் பேசவேண்டும். கொழுப்பு பேசுகிறது என்பதைக் கண்டுபிடித்த கதை அமெரிக்காவின் மெய்ன் மாநிலக் கடற்கரையிலுள்ள ஜாக்சன் ஆய்வுகூடத்தில், 1949இல் பிறந்த ஓர் எலியில் தொடங்குகிறது. சாதாரண எலியின் எடையைப்போல் மூன்று மடங்கு பருக்கும் அந்த எலிக்குலத்தைப் பின்னர் டக்ளஸ் கோல்மன் என்பவர் ஆராய்ந்தார். அதே கூடத்தில் வேறொரு பருத்த எலிக்குலமும் இருந்தது. கோல்மன் எலிகளை இரண்டிரண்டாகத் தைத்து, ஒன்றின் குருதி மற்றதில் கலக்குமாறு செய்தார். கொடூரமான சோதனைதான். இரண்டாம் குலத்து எலியுடன் இணைக்கப்பட்ட சாதாரண எலி உண்ண மறுத்துப் பட்டினியால் மாண்டது. முதற்குலத்து எலியை இரண்டாம் குலத்து எலியுடன் இணைத்தபோதும் முதற்குலத்து எலியே உண்ண மறுத்து மாண்டது. மற்றது பருத்துக்கொண்டே போயிற்று. கோல்மனின் முடிவு எளிமையானது. போதும் என்று சொல்லும் ஏதோ ஒரு பொருள் குருதியில் ஓடுகிறது. முதற்குலம் அதனைச் சுரப்பதில்லை. இரண்டாம் குலம் அதனை மிகுதியாகச் சுரக்கிறது. ஆனால் அதன் செவியில் அது விழுவதில்லை. இம்முடிவை அவர் 1973இல் எழுதினார். அப்பொருள் எது என்பதை அவரால் காட்ட முடியவில்லை. காட்டாததை ஏற்கச் சகாக்கள் பலர் விரும்பவும் இல்லை.

நியூயோர்க்கின் றொக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃபிரீட்மன் எட்டாண்டுகள் தேடி, 1994 டிசம்பரில் அப்பொருளின் மரபணுவைக் கண்டறிந்ததாக வெளியிட்டார். மெலிவைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்கு லெப்டின் என்று பெயரிடப்பட்டது. அதனைச் சுரப்பது வேறெதுவுமன்று, கொழுப்புக் கலமே. தன்னிடம் எவ்வளவு இருப்பு உள்ளது என்று கொழுப்பிழையம் மூளைக்கு அனுப்பும் அறிக்கை அது. கோல்மனுக்கும் ஃபிரீட்மனுக்கும் 2010இல் லாஸ்கர் பரிசு வழங்கப்பட்டது.

1997இல் பிரித்தானியாவில், பாகிஸ்தானிய வம்சாவளியைச் சேர்ந்த இரு சிறாரின் குருதியில் லெப்டின் அறவே இல்லையென்று கேம்பிரிட்ஜ் மருத்துவர்கள் கண்டனர். எட்டு வயதுக் குழந்தையின் எடை 86 கிலோ. இரண்டு வயதுக் குழந்தையின் எடை 29 கிலோ. தீராத பசியோடு வாழ்ந்த சிறார்கள் அவர்கள். இத்தகைய குழந்தைகளையும் அவர்களுடைய பெற்றோரையும் உலகம் அதுவரை எப்படிப் பார்த்தது என்பதை விளக்கத் தேவையில்லை. பெருந்தீனி, அடக்கமின்மை, வளர்ப்பின் குறை என்றே பார்த்தது. மூத்த குழந்தைக்கு லெப்டின் ஊசி ஏற்றத் தொடங்கியதும் அதன் பசி அடங்கி எடை குறைந்தது. இந்தச் செய்தி 1999இல் வெளிவந்தது. மருந்துக் கம்பனியொன்று ஏற்கெனவே இரண்டு கோடி டொலர் கொடுத்து லெப்டினின் உரிமையைப் பெற்றிருந்தது. உலகத்துப் பருமன் நோய் முழுவதும் தீரும் என்ற அந்த எதிர்பார்ப்பு பொய்த்துவிட்டது. பருமனான மனிதர்களிற் பெரும்பாலானோருக்கு லெப்டின் ஏற்கெனவே மிகுந்திருக்கிறது. கோல்மனின் இரண்டாம் குலத்து எலிகளைப் போல, அவர்களுடைய மூளை அதற்குச் செவிசாய்ப்பதில்லை.

கலங்களின் ஆயுளைப் பற்றியும் ஒரு செய்தி. 1950களிலும் 1960களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் வெளியில் வெடித்த அணுகுண்டுகளால் வளிமண்டலத்தில் கதிர்வீச்சுக் காபன் பெருகியது. 1963 உடன்படிக்கைக்குப் பின் அது குறைந்துவந்தது. பயிர்கள் அதை ஏற்றன. பயிரை உண்ட நாமும் ஏற்றோம். ஒரு கலம் பிறந்த ஆண்டின் முத்திரை அதன் மரபணுப் பொருளில் பதிந்துவிடுகிறது. சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் கேர்ஸ்டி ஸ்போல்டிங் குழுவினர் இம்முத்திரையைப் படித்து 2008இல் வெளியிட்ட முடிவின்படி, வளர்ந்த மனிதரின் கொழுப்புக் கலங்களில் ஆண்டுதோறும் ஏறத்தாழப் பத்து வீதம் இறந்து, அதே அளவு புதிதாகத் தோன்றுகின்றன. மொத்த எண்ணிக்கை இளமையிலேயே நிர்ணயமாகிவிடுகிறது. உடல் மெலியும்போது கலங்கள் சுருங்குகின்றனவே தவிர எண்ணிக்கையில் குறைவதில்லை. எனது வாசகர்கள் அஞ்சலட்டைகளில் கேட்ட கரைப்பு என்பது இவ்வளவுதான்.

கொழுப்பே இல்லாவிட்டால் என்னாகும்? அதற்கும் இயற்கை விடை வைத்திருக்கிறது. கொழுப்பிழையம் ஏறத்தாழ அறவே இல்லாமற் பிறக்கும் அரிய மனிதர்கள் உள்ளனர். தசைகள் புடைத்துத் தெரியும் அவ்வுடல்கள் பார்வைக்கு மல்லர்களைப் போன்றவை. ஆனால் ஈரல் முழுதும் கொழுப்பு நிறையும். குருதியிலும் கொழுப்பு மிகும். இளமையிலேயே கடும் நீரிழிவு வரும். வைக்க இடமில்லாத எண்ணெய் போகக்கூடாத இடங்களுக்குப் போய்விடுகிறது. 2014இல் அமெரிக்க அரசு லெப்டின் மருந்தை அனுமதித்தது இந்நோயாளருக்கே என்பது விசித்திரம்: பருமனானோருக்கென வாங்கப்பட்ட பொருள் கொழுப்பற்றவர்களுக்குப் பயன்பட்டது. தோலுக்கடியில், குறிப்பாக இடுப்பிலும் தொடையிலும் தங்கும் கொழுப்பு பெரும்பாலும் சாதுவானது. வயிற்றினுள் குடலைச் சுற்றித் தங்குவதே நீரிழிவோடும் இதயநோயோடும் கூடி வருவது. மார்செய் நகர வைத்தியர் ஜோன் வேக் 1947இலேயே இந்த வேறுபாட்டைக் கவனித்து எழுதியிருந்தார்.

இது எம்மைத் தொடும் விடயம். எமது ஆசிரியபீடத்தில் என்னுடன் பல ஆண்டுகள் பணியாற்றிய துணையாசிரியர் ஒருவர் இருந்தார். பிழைதிருத்துவதில் அவருக்கு இணையில்லை. மெலிந்து நெடிய கைகால்களும், சட்டைக்கு வெளியே தெரியாத சிறு தொந்தியும் உடையவர். அவரது மென்மையான சுபாவத்தைக் கேலி செய்வோர், கொழுப்பே இல்லாத மனிதர் என்பார்கள். நீரிழிவு பருத்தவர்களின் வியாதி என்று பரவலாக நம்பப்பட்ட காலம் அது. அவர் சோதித்துப் பார்க்க நினைக்கவே இல்லை. இரவுக் கடமைகளின்போது அடிக்கடி தண்ணீர் குடிப்பார். வெக்கையென்று சொல்வார். 1997இல், ஐம்பது வயதை எட்டுமுன்னர், மாரடைப்பினால் காலமானார். நெடுநாளாக நீரிழிவு இருந்திருக்கிறது என்பது அந்த இறுதி வாரத்தில்தான் தெரியவந்தது.

2004இல் லான்செற் சஞ்சிகையில் இரு ஆய்வாளர்களின் படம் வெளிவந்தது. ஒருவர் புனே நகரின் ரஞ்சன் யாஜ்னிக். மற்றவர் இலண்டனின் ஜோன் யட்கின். இருவருக்கும் உடற்திணிவுச் சுட்டி ஒன்றே: 22.3. அக்காலத்துக் கணக்கின்படி இருவரும் நலமான எடையினர். ஆனால் உடற்கொழுப்பு யட்கினுக்கு 9.1 வீதம், யாஜ்னிக்குக்கு 21.2 வீதம். தெற்காசியர் பலர் மெலிந்து தோன்றினாலும் தசை குறைந்து கொழுப்பு மிகுந்த உடலினர் என்பதை அந்தப் படம் காட்டியது. அது கருவிலேயே தொடங்குகிறது என்பது யாஜ்னிக் குழுவினர் கண்டது. புனேயின் கிராமங்களில் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுதாம்டன் நகரக் குழந்தைகளுடையது 3.5 கிலோ. தசையிலும் வயிற்று உறுப்புகளிலும் பெரிதும் குறைந்திருந்த அச்சிறு குழந்தைகளின் தோலுக்கடிக் கொழுப்பு மட்டும் அவ்வளவாகக் குறையவில்லை.

அதே 2004இல், உலக சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழுவின் அறிக்கை வெளிவந்தது. ஆசிய மக்களுக்கு 25 வரை காத்திராமல் 23இலேயே எச்சரிக்கை கொள்ளவேண்டும் என்று அது கூறியது. என் நண்பர் அப்போது இறந்து ஏழாண்டுகள் ஆகியிருந்தன.